எழுதியபடியே வாசிக்கப்படும்

பிப்ரவரி பதினோராம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்து இருபதுக்கு, மருத்துவமனைத் துணிகளை வெளுத்துக் கொடுக்கும் ஆலையின் இஸ்திரிக் கூடத்தில், மூன்றாம் எண் ரோலர் ஒரு பெண்ணின் வலது கையை உள்ளே இழுத்தது. சுண்டுவிரலும் மோதிர விரலும் போயின.

அந்தக் கூடத்தில் நான்கு ரோலர்கள் உண்டு. பிழிந்த படுக்கை விரிப்பை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, சூடான உருளைக்கு அடியில் ஊட்ட வேண்டும். உருளை அதை இழுத்துக்கொண்டுபோய், காயவைத்து, தேய்த்து, மறுபக்கம் தட்டையாகத் தள்ளும். ஊட்டும் வாய்க்கு முன்னால் குறுக்கே ஒரு கம்பி தொங்குகிறது. விரலோ மணிக்கட்டோ அதில் பட்டு அது கீழே சாய்ந்தால் ரோலர் அந்த நொடியே நின்றுவிடும். அதற்குத் தடுப்பு என்று பெயர். அதில் ஒரு தொல்லை. சுருண்ட விரிப்பு பட்டாலும் அது நிற்கும். மறுபடி ஓட்ட நாலு நிமிஷம் ஆகும்.

பதினோராம் தேதி மூன்றாம் எண் ரோலரின் தடுப்பு, நீலக் கரை போட்ட பழைய விரிப்பிலிருந்து கிழித்த ஒரு பட்டைத் துணியால் மேலே தூக்கிக் கட்டப்பட்டிருந்தது.

விரல் போனவளை ஆலையில் சீட்டக்கா என்று கூப்பிடுவார்கள். அவள் வேலை ரோலருக்கு விரிப்பு ஊட்டுவது. பெயர் வந்தது வேறு காரணத்தால்.

ஆலைக்கு வரும் ஒவ்வொரு அழுக்கு மூட்டையிலும் ஒரு மஞ்சள் சீட்டு கட்டியிருக்கும். தேதி, எந்த இடம், உள்ளே என்ன, யார் கையால் வந்தது. நான்கு வரி. சீட்டு இல்லாத மூட்டையை வாசலைத் தாண்ட விடமாட்டார்கள். பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனையில் கண்ணை மூடிக்கொண்டு "எல்லாத்துக்கும் ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று சொல்லிக்கொண்டிருந்தவளுக்குத் தன் ஜெபம் சீட்டு இல்லாத மூட்டையாகத் தோன்றியது. உள்ளே என்ன இருக்கிறது என்று கட்டியவளுக்கே தெரியாது. மறுநாள் அச்சு பிசகி ஒதுக்கிய சீட்டுக் கட்டு ஒன்றைக் கேட்டு வாங்கினாள். அன்றிலிருந்து தினமும் வேலை முடிந்து கை கழுவியதும் ஒரு சீட்டு எழுதுவாள். 'மார்ச் 3. துணி பிரிக்கும் மேசை. எட்டாம் வார்டு மூட்டைக்குள் ஊசி இருந்தது, குத்தவில்லை. பார்த்துச் சொன்னது ரேடியோ.' ரேடியோ என்பது உடன் வேலை செய்யும் ஒரு பெண்ணின் பட்டப்பெயர். 'ஜூலை 19. வீடு. கோபப்பட்டேன், அவர் திருப்பிக் கோபப்படவில்லை. அவர் கையால்.' எழுதி முடித்து ஒருமுறை வாசித்து, ஸ்தோத்திரம் என்று சொல்லி, பிஸ்கட் டப்பாவில் போடுவாள். டப்பாக்கள் ஏழு ஆகியிருந்தன.

"கும்பலா நன்றி சொன்னா அது சலாம் போடற மாதிரி," என்பாள். "யாருக்கு, எதுக்குன்னு சொன்னாத்தான் அது நன்றி."

மருத்துவமனையில் முதல் மூன்று நாள் அவள் ஒன்றும் எழுதவில்லை. நான்காம் நாள் நர்ஸிடம் பேனா கேட்டு, இடது கையால் அரை மணி நேரம் போராடி ஒரு சீட்டு எழுதினாள். 'பிப்ரவரி 14. ஆஸ்பத்திரி. தண்ணீர். நர்ஸ் கையால். கேட்காமலே.'

அன்று மாலை சபையிலிருந்து மூன்று பெண்கள் பார்க்க வந்தார்கள். மூத்தவர் கட்டுப்போட்ட கையைத் தடவாமல் தடவி, "ரெண்டு விரலோட ஆண்டவர் விட்டாரேன்னு ஸ்தோத்திரம் சொல்லும்மா," என்றார்.

"விரலை எடுத்தது ஆண்டவர் இல்லீங்க. ரோலர்."

"அவர் அனுமதி இல்லாம ஒண்ணும் நடக்காதும்மா."

"தடுப்பைக் கட்டறதுக்கு அவர்கிட்ட யாரும் அனுமதி கேக்கலீங்க. மிச்சம் இருக்கற மூணு விரலுக்கு நன்றி சொல்றேன், காலையிலயே சொல்லிட்டேன். போனதுக்கு அவர் பேரை எழுதச் சொல்லாதீங்க. அவர் செய்யாத வேலைக்கு அவர் தலையில ஏன் கட்டணும்?"

இரண்டாமவர் ஆரஞ்சு உரிக்கத் தொடங்கினார். அதற்கப்புறம் அவர்கள் ஆரஞ்சைப் பற்றிப் பேசினார்கள்.

நன்றியைத் தன்னிடமிருந்து யாரும் பறிக்கவும் கூடாது, தன் வாயில் யாரும் திணிக்கவும் கூடாது. இந்த விஷயத்தில் அவள் ஒரு பிடிவாதக்காரி. இரண்டையும் செய்ய ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள்.

மார்ச் இருபத்தொன்பதாம் தேதி, சனிக்கிழமை பிற்பகல், ஆலையின் மேனேஜர் வீட்டுக்கு வந்தார். அவர்தான் சபையின் செயலாளரும். ஆலையில் அவளை "ஏம்மா" என்பார், சபையில் "சகோதரி" என்பார், அன்று வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "எப்படி இருக்க தங்கச்சி?" என்றார்.

பள்ளி வேன் ஓட்டும் அவள் கணவன் நாற்காலியை இழுத்துப் போட்டான். உள்ளே போகிற சாக்கில் அவள் காதோரம், "தங்கச்சின்னா சீர் செய்யணுமே, கொண்டு வந்திருக்காரா பாரு," என்றான்.

மேனேஜர் கொண்டுவந்தது பழப் பையும் ஒரு நீண்ட உறையும். முதலில் ஜெபம் செய்தார். நன்றாகவே செய்தார், அவர் குரலுக்குச் சபையில் நல்ல பெயர். பிறகு உறையைத் திறந்து, தட்டச்சு செய்த ஒரு தாளை மேசையில் விரித்தார். மேலே 'நன்றிக் கடிதம்' என்று இருந்தது.

அவள் முழுவதையும் நிதானமாகப் படித்தாள். நிர்வாகம் ஒரு தாயைப் போலத் தன்னைக் கவனித்துக்கொண்டது. இயந்திரத்தில் எந்தக் குறையும் இருந்ததில்லை. உடன் வேலை செய்த பெண் தன் வசதிக்காகத் தடுப்பைத் தூக்கிக் கட்டியதே விபத்துக்குக் காரணம். இதையெல்லாம் தாண்டி உயிர் காத்த ஆண்டவருக்கும் நிர்வாகத்துக்கும் நன்றி.

உடன் வேலை செய்த பெண் என்றால் ரேடியோ. வாய் ஓயாததால் அந்தப் பெயர். விபத்தன்று விரிப்பின் மறுமுனையைப் பிடித்திருந்தவள் அவள்தான். நிறுத்தும் பொத்தான் ரோலரின் கடைக்கோடியில், துணி வண்டிகளுக்குப் பின்னால் இருந்தது. ரேடியோ அங்கே ஓடவில்லை. நூல் வெட்டுவதற்காகக் கழுத்தில் தொங்கிய கத்தரியால் அந்தப் பட்டைத் துணியை அறுத்தாள். தடுப்பு விழுந்தது, ரோலர் நின்றது. மற்றவர்கள் ஓடிவந்தபோது அறுந்த துணி அவள் கையில் இருந்தது. அதுவே இப்போது அவளுக்கு எதிரான சாட்சி.

"மேல நன்றின்னு போட்டிருக்கு," என்றாள் சீட்டக்கா. "உள்ள ரேடியோ கழுத்துல கத்தி வச்சிருக்கு."

"அது ஒரு சம்பிரதாயத்துக்குத்தான் தங்கச்சி. ஒன்பதாம் தேதி பாதுகாப்பு ஆய்வாளர் வர்றார். ஏதாவது ஒரு காரணம் எழுதியாகணும். அவளுக்கு வேற எங்கயாவது வேலை கிடைக்கும், சின்ன வயசு."

"தடுப்பை யார் கட்டினாங்கன்னு உங்களுக்குத் தெரியும்ங்க."

"எனக்குத் தெரிஞ்சது இருக்கட்டும். உன்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போக யார் வண்டி குடுத்தது? நன்றின்னு ஒண்ணு இருக்கா இல்லையா? நீயே பெரிய ஸ்தோத்திரக்காரி."

"வண்டிக்கு அப்புறமா எழுதிட்டேங்க. 'பிப்ரவரி 11. ஆலை வாசல். வண்டி. மேனேஜர் கையால்.' டப்பாவுல இருக்கு, எடுத்துக் காட்டவா? வண்டி குடுத்தது நீங்க. அதுக்கு உங்க பேர். துணியை அறுத்தது அவ. அதுக்கு அவ பேர். ஒருத்தர் மூட்டையில இன்னொருத்தர் சீட்டைக் கட்டினா நம்ம ஆலையிலயே ஒத்துக்க மாட்டீங்களே."

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குரலை இறக்கினார். "திரும்பி வரும்போது ரோலர்ல நிக்க முடியாது உன்னால. சீட்டு மேசையை உனக்குன்னு வச்சிருக்கேன். உக்காந்த வேலை."

வாசலுக்கு அருகே, ஜன்னலை ஒட்டி, மூட்டைகளைச் சரிபார்த்துச் சீட்டுப் போடும் மேசை அது. பதினோரு வருடமாக அதன்மேல் அவளுக்கு ஒரு கண் என்று ஆலையில் எல்லோருக்கும் தெரியும்.

"கையெழுத்துப் போடற கை இன்னும் ஆறல," என்றாள் கடைசியில். "ஆனா நன்றி சொல்லாம இருக்க மாட்டேன். நாளைக்கு இல்ல, அடுத்த ஞாயிறு சபைக்கு வர்றேன். பெட்டியில சீட்டுப் போடறேன். நடந்தது நடந்தபடி எழுதறேன்."

மேனேஜரின் முகம் மலர்ந்தது. "அது போதும், அது போதும். சபையில சொல்லிட்டா எல்லாரும் கேட்ட மாதிரி. கையெழுத்தை மறுநாள் திங்கக்கிழமை வாங்கிக்கறேன்."

இருபது வருடமாக மற்றவர்களின் நன்றிச் சீட்டுகளை வாசித்து வருபவர் செய்யக்கூடிய தவறுதான் அது. நன்றி என்றாலே இனிப்பாகத்தான் இருக்கும் என்று அவருக்குப் பழகிப்போயிருந்தது.

அந்தச் சபையில் ஒரு பழக்கம் உண்டு. வாசலுக்குப் பக்கத்தில் சுவரில் ஒரு மரப்பெட்டி. மாதம் முழுக்க யார் வேண்டுமானாலும் நன்றியை எழுதி அதில் போடலாம். பெயர் எழுத வேண்டியதில்லை. முதல் ஞாயிற்றுக்கிழமை செயலாளர் எல்லோர் முன்னிலையிலும் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக வாசிப்பார். ஒவ்வொன்றுக்கும் சபை "ஸ்தோத்திரம்" என்று சொல்லும். முன்பு ஒரு செயலாளர் சீட்டுகளைத் திருத்தி மெருகேற்றி வாசித்துக்கொண்டிருந்தார். ஒருநாள், 'பெரிய கஷ்டத்திலிருந்து விடுதலை' என்று அவர் வாசித்தபோது, பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, "நான் எழுதினது ஜெயில்," என்றார். "ஒன்றரை வருஷம் உள்ள இருந்தவன் நான். அதைக் கஷ்டம்னு சொல்லி நீங்க எதுக்குச் சின்னதாக்கறீங்க?" அடுத்த மாதம் பெட்டிக்கு மேல் ஒரு பலகை மாட்டப்பட்டது. எழுதியபடியே வாசிக்கப்படும்.

புதன்கிழமை மாலை ரேடியோ வந்தாள். விசாரணை முடியும்வரை வேலைக்கு வரவேண்டாம் என்று அவளிடம் சொல்லியிருந்தார்கள். அவள் இந்தச் சபையைச் சேர்ந்தவள் அல்ல, எந்தச் சபையையும் சேர்ந்தவள் அல்ல. சாமி விஷயத்தில் சீட்டக்காவைக் கிண்டல் செய்வது அவளுக்குப் பொழுதுபோக்கு. வரும்போதே ஆரம்பித்தாள்.

"அக்கா, உன் சாமிக்கு ஏழு டப்பா சீட்டு எழுதியிருக்கியே, ஒரு ரசீதாவது வந்துச்சா? வீட்ல சும்மா உக்காந்திருக்கேன், பொழுது போகல, சுவத்துல இருக்கற பல்லிக்கெல்லாம் பேரு வச்சிட்டேன். ஒண்ணுக்கு மேனேஜர்னு பேரு. வால் அறுந்தாலும் ஓடிடுது."

தேநீரைக் குடித்து முடித்ததும் அவள் குரல் மாறியது. "அக்கா, நான் யோசிச்சேன். நான்தான் கட்டினேன்னு சொல்லிடட்டுமா? உனக்கு அந்த மேசை கிடைக்கும். இந்தக் கையோட நீ வேற எங்க போவ?"

"நீ கட்டலையே."

"கட்டலதான். ஜனவரி ஆறாம் தேதி நான் லீவு. குழந்தைக்குக் காய்ச்சல். மறுநாள் வந்தப்ப துணி தொங்கிட்டிருந்துச்சு. யார் கட்டினாங்கன்னுகூட எனக்குத் தெரியாது."

சீட்டக்கா கோப்பையைக் கீழே வைத்தாள். "அன்னிக்கு ஒரே ஷிப்டுல பதினாலு தடவை நின்னுச்சு. மேனேஜர் மேலேருந்து இறங்கி வந்தார். 'தூக்கிக் கட்டுங்க, மதியத்துக்குள்ள அஞ்சாம் வார்டு துணி போகணும்'னார். மெக்கானிக் தயங்கினார், கயிறு இல்லைன்னார். கழிச்சுப் போட்ட விரிப்பு ஒண்ணு என் காலடியில கிடந்துச்சு. நான்தான் கரையோரம் கிழிச்சுக் குடுத்தேன். அவர் கட்டினார். எனக்கும் நாலு நாலு நிமிஷமா நின்னு சலிச்சுப்போச்சு."

ரேடியோ வாயைத் திறந்தாள். தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். அது ஓய்ந்த பிறகும் ரேடியோ பேசவில்லை.

"இதையும் சேத்துத்தான் எழுதப்போறேன்," என்றாள் சீட்டக்கா.

"பைத்தியமா உனக்கு?" ரேடியோவின் குரல் திரும்பி வந்தது. "உன்னை யாரும் கேக்கவே இல்ல. வாயை மூடிட்டு இரு. உன் தப்புன்னு சொல்லி உன்னையும் துரத்திடுவாங்க. நன்றி சொல்லப் போறவங்க யாராவது தன் கழுத்துல தானே கல்லைக் கட்டிக்குவாங்களா?"

"நீ எதை அறுத்தேன்னு சொல்லணும்னா அது எப்படி அங்க வந்துச்சுன்னு சொல்லணும். பாதியை மறைச்சு ஆண்டவருக்கு நன்றி சொல்ல முடியாது. அவருக்குத் தெரியாதா என்ன? ஞாயித்துக்கிழமை நீயும் வா."

"நானா? உங்க ஆளுங்க பாட்டுக்கு எழுந்திருப்பாங்க, உக்காருவாங்க, எனக்கு ஒண்ணும் புரியாது."

"எல்லாரும் எந்திரிச்சா எந்திரி. ஒவ்வொரு சீட்டு முடிஞ்சதும் ஸ்தோத்திரம்னு சொல்லு. அவ்வளவுதான்."

சனிக்கிழமை பிற்பகல் அவள் மேசைமேல் ஒரு மஞ்சள் சீட்டை வைத்து எழுத உட்கார்ந்தாள். இடது கைப் பேனா தாளைத் தள்ளிக்கொண்டே போனது. கணவன் எதிரில் உட்கார்ந்து வேன் சாவியைச் சுழற்றிக்கொண்டிருந்தான்.

"வேணாம்னு சொன்னா கேக்கவா போற," என்றான். "கையெழுத்துப் போட்டிருந்தா திங்கக்கிழமை ஜன்னலோரம் உக்காந்திருப்ப."

"உக்காந்திருப்பேன். தினம் சாயங்காலம் எந்தக் கையால சீட்டு எழுதுவேன்?"

"அதை நிறுத்திட்டா என்ன? ஊர்ல எல்லாரும் தினம் நன்றி எழுதிட்டா இருக்காங்க?"

"என்னங்க, என் விரலை எடுத்துக்கிட்டாங்க. என் நன்றியையும் அவங்க சொல்ற மாதிரி எழுதணுமாம். அதைக் குடுக்க மாட்டேன். இது ஒண்ணுதான் என்கிட்ட முழுசா இருக்கு."

அவன் தலைகீழாகவே சீட்டைப் படித்தான். நடுவில் நின்றான். "உன் பேரும் இருக்கே."

"என் கையும் இருந்துச்சே."

"இதைக் கேட்டா ஆண்டவர் குடுத்த தண்டனைம்பாங்க."

"சொல்லட்டும். அவர் விரல் வெட்டற வேலையெல்லாம் செய்யறதில்லன்னு திருப்பிச் சொல்வேன்."

சீட்டு மறுபடி நகர்ந்தது. அவன் சாவியை வைத்துவிட்டு, இரண்டு கட்டைவிரலாலும் சீட்டின் ஓரங்களை அழுத்திப் பிடித்துக்கொண்டான். ஒரு சீட்டு போதவில்லை. மூன்றாகி, மூன்றையும் ஒன்றாகப் பின் அடித்தார்கள். எழுத்து ஒவ்வொன்றும் ஒரு விரல் பருமன் இருந்தது.

ஏப்ரல் ஆறாம் தேதி சபையில் ஏறத்தாழ இருநூறு பேர் இருந்தார்கள். மின்விசிறிகள் ஓடின. ரேடியோ கடைசி வரிசையில், கதவை ஒட்டி, எப்போது வேண்டுமானாலும் ஓடிவிடத் தோதாக உட்கார்ந்திருந்தாள். இரண்டாம் பாட்டு முடிந்ததும் மேனேஜர் சாவியுடன் வந்து பெட்டியைத் திறந்தார். இருபத்துமூன்று சீட்டுகள். வெள்ளைத் தாள்களுக்கு நடுவே மஞ்சள் ஒன்றுதான். அதைப் பார்த்ததும் எடுத்துத் தனியாகக் கடைசியில் வைத்தார்.

"மகளுக்கு நர்சிங்கில் இடம் கிடைத்ததற்காக."

"ஸ்தோத்திரம்."

"வீட்டுக்காரர் குடியை விட்டு நாற்பது நாள். நாற்பத்தோராவது நாள் குடித்துவிட்டார். அந்த நாற்பது நாளுக்காக."

சிலர் சிரித்தார்கள். ஆண்கள் பக்கம் ஒருவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டார். "ஸ்தோத்திரம்."

ரேடியோ நான்காவது சீட்டிலிருந்து மற்றவர்களோடு சேர்ந்து சொல்லத் தொடங்கினாள். ஒரு நொடி பிந்திச் சொன்னாள்.

இருபத்திரண்டு முடிந்தது. மேனேஜர் மஞ்சள் சீட்டை உயர்த்திக் காட்டினார். "இதைக் கடைசியா வச்சிருக்கேன். நம்ம ஆலைச் சகோதரி ஒருத்தங்க மரண வாசல்வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்திருக்காங்க. இடது கையால எழுதியிருக்காங்க. எல்லாரும் கவனமாக் கேளுங்க."

கோணல் எழுத்து. வரிக்கு வரி நிறுத்தித்தான் வாசிக்க முடிந்தது. அவர் நிறுத்திய இடத்திலெல்லாம் சபை பழக்கத்தில் பதில் சொன்னது.

"பிப்ரவரி 11. இஸ்திரிக் கூடம். மூன்றாம் எண் ரோலர்."

"ஸ்தோத்திரம்."

"வந்தது: என் உயிர். வலது கையில் மூன்று விரல்."

"ஸ்தோத்திரம்!"

"யார் கையால்: எல்லோரும் ரேடியோ என்று கூப்பிடுகிற பெண் கையால். கத்தரியால் துணியை அறுத்தாள். தடுப்பு விழுந்தது. ரோலர் நின்றது."

"ஸ்தோத்திரம்."

மேனேஜரின் குரல் சற்று மெதுவானது. ஆனால் நாக்கு அடுத்த வரிக்குப் போய்விட்டிருந்தது. "அந்தத் துணி ஜனவரி 6 முதல் அங்கே கட்டியிருந்தது. கிழித்துக் கொடுத்தது: நான்."

பாதிப் பேர் சொன்னார்கள். பாதிப் பேர் சொல்ல வாயெடுத்து நிறுத்தினார்கள். பெண்கள் பக்கம் தலைகள் சீட்டக்காவை நோக்கித் திரும்பின.

"கட்டியது: மெக்கானிக்."

அதோடு நின்றார். கண் மட்டும் கீழே போய் மேலே வந்தது. சீட்டை மடித்தார். "எழுத்து சரியாத் தெரியல. கை ஆறாம எழுதியிருக்காங்க. சகோதரிக்காக எல்லாரும் ஜெபிப்போம்."

சீட்டக்கா எழுந்து நின்றாள். கட்டுப்போட்ட கை நெஞ்சோடு ஒட்டியிருந்தது.

"நல்லாத் தெரியும்ங்க ஐயா. தெருவிலேருந்து பாத்தாக்கூடத் தெரியற மாதிரி எழுதியிருக்கேன்."

யாரோ இருமினார்கள்.

"சகோதரி, இது ஆராதனை. ஆலை விஷயத்தை இங்க..."

"நான் ஆலை விஷயம் எழுதலீங்க. நன்றி எழுதியிருக்கேன். நீங்கதான் எழுதச் சொன்னீங்க. ஆய்வாளருக்கு ஒண்ணு, ஆண்டவருக்கு ஒண்ணுன்னு ரெண்டு விதமா எழுத எனக்குத் தெரியாது. மிச்சம் ரெண்டு வரிதான். வாசிங்க."

மேனேஜர் போதகரைப் பார்த்தார். போதகர் யாரோடும் சண்டைக்குப் போகாத மனிதர். கமிட்டிக் கூட்டங்களில் பெரும்பாலும் தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பார். அவர் நாற்காலியிலிருந்து எழவில்லை. கதவோரப் பலகையைப் பார்த்தார். பிறகு, "எழுதினபடியே வாசிச்சிடுங்க," என்றார்.

மேனேஜர் சீட்டைப் பிரித்தார்.

"கட்டச் சொன்னது: மேனேஜர். ரேடியோ அன்று லீவு." தொண்டையைச் செருமிக்கொண்டார். "ரேடியோவைக் கொடுத்த ஆண்டவருக்கு நன்றி."

மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. இருநூறு பேரும் மேனேஜரின் முகத்தைப் பார்த்தார்கள். அவர் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசி வரிசையில் ரேடியோவுக்கு ஒன்றுதான் தெரியும். சீட்டு முடிந்துவிட்டது, இன்னும் யாரும் சொல்லவில்லை. இந்தத் தடவை அவள் யாருக்காகவும் காத்திருக்கவில்லை.

"ஸ்தோத்திரம்!" என்றாள். ரோலர் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல் அது.

போதகர் சொன்னார். நாற்பது நாள் குடிக்காமல் இருந்தவர் சொன்னார். ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சு கொண்டுபோன மூன்று பெண்களும் சொன்னார்கள். அப்புறம் சபை முழுவதும் சொன்னது. மேனேஜர் உதட்டை அசைத்தார். சத்தம் வந்ததா என்று பக்கத்தில் நின்றவர்களுக்கும் தெரியவில்லை. சீட்டக்கா உட்கார்ந்தாள். அவள் கணவன் ஆண்கள் பக்கத்திலிருந்து அவளைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான். மூன்றாம் பாட்டு தொடங்கியது.

ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் ரேடியோ கேட்டாள். "அக்கா, நான் தப்பான இடத்துல சொல்லிட்டேனா?"

"இல்ல. சரியான இடம்தான்."

"அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்?"

"நன்றி, புகழ். ரெண்டும்."

"அப்ப என்னை நானே புகழ்ந்துக்கிட்டேனா?" என்றாள் ரேடியோ. "பரவாயில்ல. வேற யாரும் செய்யற மாதிரி தெரியல."

திங்கட்கிழமை மேனேஜர் கையெழுத்து வாங்க வரவில்லை. செவ்வாய்க்கிழமை காலை மெக்கானிக் வீட்டுக்கு வந்து, தன் பெயரைச் சபையில் சொன்னது உண்மையா என்று வாசலில் நின்றபடியே கேட்டார். உண்மை என்றாள். தான் கட்டியதை மட்டும் எழுதியிருந்ததா, சொன்னவர் பெயரும் இருந்ததா என்று கேட்டார். இருந்தது என்றாள். சரி என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஏப்ரல் ஒன்பதாம் தேதி ஆய்வாளர் வந்தார். சீட்டக்கா, மெக்கானிக், ரேடியோ மூவரும் தனித்தனியாக வாக்குமூலம் கொடுத்தார்கள். ஜனவரி மாத வருகைப் பதிவேட்டை ஆய்வாளர் எடுத்துப் பார்த்தார். நன்றிக் கடிதம் கோப்பில் வைக்கப்படவில்லை.

பதினாறாம் தேதி ரேடியோ வேலைக்குத் திரும்பினாள். துணி கிழித்துக் கொடுத்ததற்காகச் சீட்டக்காவுக்கு எழுத்துமூலம் எச்சரிக்கை தரப்பட்டது, மெக்கானிக்குக்கும் அப்படியே. மேனேஜர் ஆலையின் வேறொரு கிளைக்கு மாற்றப்பட்டார். சபையின் செயலாளர் பொறுப்பில் நீடிக்கிறார். முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் சீட்டுகளை வாசிக்கிறார். சீட்டு மேசை வேறொருவருக்குப் போனது. சீட்டக்கா மடிப்பு மேசையில் நின்று, மூன்று விரல்களால் தலையணை உறை மடிக்கிறாள்.

மூன்றாம் எண் ரோலருக்குப் புதிய தடுப்பு போட்டிருக்கிறார்கள். அது ஒரு ஷிப்டுக்கு ஒன்பது தடவை நிற்கிறது.